கட்டிங் டேபிளுக்கு வந்த படம்

தையல் கூடத்தில் அவனுக்கு ஒயர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது. கழுத்தில் எந்நேரமும் ஏதாவது ஒரு ஒயர் சுற்றிக் கிடக்கும்; சாப்பிட உட்காரும்போதுகூடக் கழற்றமாட்டான். கூடத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை படம் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் தலை சீவி, சட்டை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நிற்க, இவன் நட்ட நடுவில் கறுப்பு ஒயரைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளைக் களையோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

வேலை என்னவோ தையல் மிஷின் மெக்கானிக். ஆனால் அந்தக் கூடத்தில் மின்சாரம் எட்டிப் பார்க்கிற எந்தச் சாமானும் அவன் தலையில்தான் விடிந்தது. மோட்டார், ஃபேன், இஸ்திரிப் பெட்டி, வாசல் கதவின் பூட்டு, முதலாளியம்மாவின் போன். "முடியாது" என்ற வார்த்தை அவன் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. வராத இன்னொரு வார்த்தையும் உண்டு. தப்பு செய்தால் "தப்பு" என்று சொல்ல அவனுக்கு நாக்கு புரளாது. மன்னிப்புக் கேட்கத் தெரியாது, ஸ்க்ரூ முடுக்கத் தெரியும். மனைவியோடு சண்டை போட்டால் மறுநாள் காலையில் ஒழுகிய குழாய் ஒழுகாது, ஆடிய நாற்காலி ஆடாது. அவளும் கெட்டிக்காரி. அலமாரிக் கதவு சரியாக மூடவில்லை என்றால் இரண்டு நாள் பார்ப்பாள், மூன்றாம் நாள் ஒரு சின்னச் சண்டையை இழுத்து வைப்பாள்.

"சண்டை போட்டாத்தான் இந்த வீட்ல ஒரு வேல நடக்குது" என்பாள். அவனும் சிரித்துக்கொள்வான். குடும்பம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கூடத்தில் ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் சீருடை தைத்தார்கள். கூடம் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. போன் சிக்னல் படிக்கட்டு வரைக்கும் வரும், அதற்குக் கீழே இறங்காது. அளவுகளும் மாடல் படங்களும் முதலாளியம்மாவின் போனுக்கு வரும். அங்கிருந்து கட்டிங் மாஸ்டருக்கு அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரே ஒரு கேபிள் இருந்தது. அந்தக் கேபிளுக்கு நடந்த தள்ளுமுள்ளு கொஞ்சநஞ்சமல்ல. காலர் அளவு தெரியாமல் ஒரு முறை ஒரு கட்டுத் துணியையே மாஸ்டர் குறைத்து வெட்டிவிட்டார். வெட்டியதை ஒட்டவைக்கிற வித்தை ஒயருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு அந்தப் பழைய வருகைப்பதிவு மிஷின் ஞாபகம் வந்தது. விரல் வைத்தால் பீப் என்று கத்திக்கொண்டிருந்து, ஒரு மழையில் தண்ணீர் இறங்கி வாயை மூடிய மிஷின். அதைப் பிரித்தான். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர் பலகை இருந்தது. மற்றதெல்லாம் துருப்பிடித்திருக்க, அது மட்டும் சமர்த்தாக உயிரோடு இருந்தது. ஒரு மெமரி கார்டில் புதிதாக சிஸ்டத்தை ஏற்றிச் செருகினான். சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த டிவியோடு இணைத்தான். போனிலிருந்து போனுக்கு இன்டர்நெட் இல்லாமலே ஃபைல் அனுப்புகிற ஆப் ஒன்றை எங்கோ படித்து வைத்திருந்தான். அதை இந்தப் பலகையில் போட்டுவிட்டால் கேபிளைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிடலாம் என்பது கணக்கு.

சுலபமாக முடியவில்லை. முதலில் இறக்கியது பெரிய கம்ப்யூட்டர்களுக்கான ஃபைல். பலகை அதைத் தொடக்கூட மாட்டேன் என்றது. சரியானதைத் தேடிப் போட்டால், வேறு ஏதோ ஒரு துணுக்கு இல்லை என்று முரண்டு பிடித்தது. அந்தத் துணுக்கையும் போட்டான். ஆப் திறந்தது, ஆனால் எந்தப் போனுக்கும் அது கண்ணில் படவில்லை. உள்ளே வருகிற எல்லாவற்றையும் ஃபயர்வால் என்கிற பலகையின் காவல் மறித்துக்கொண்டிருந்தது என்று கண்டுபிடிக்க ஒரு முழு மதியம் போயிற்று. அந்த வழியைத் திறந்துவிட்ட மறுநிமிடம் முதலாளியம்மாவின் போனில் அது முளைத்தது. ஆப் தானாகவே ஏதோ ஒரு பழத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டிருந்தது. அதை அழித்துவிட்டு 'கட்டிங் டேபிள்' என்று எழுதினான். ஆளாளுக்குப் போனை நீட்ட, எல்லாவற்றிலும் ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். நான்கு நாள் கூடத்தில் ஒரே கொண்டாட்டம். ஒரு பேண்ட் படத்தை அனுப்பிவிட்டு அது டிவியில் வருகிற அழகைப் பார்க்க ஓடிவருவார்கள்.

கட்டிங் மாஸ்டருக்கு மட்டும் ஒரு குறை. ஏதாவது வரும்போதெல்லாம் 'ஏற்கவா?' என்று கேட்டது அது. சாக்பீஸ் தூள் அப்பிய கையோடு அவர் போய் மவுஸைப் பிடிக்க வேண்டும்.

"ஏய் ஒயரு! கேக்குது பாரு, வந்து அமுக்கு!"

ஏணி மேல் இருந்தாலும் சரி, மிஷினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தாலும் சரி, அவன் வந்து அமுக்கிவிட்டுப் போக வேண்டும். ஒருநாள் சலித்துப் போய், கேட்காமலே ஏற்றுக்கொள்ளும்படி மாற்றினான். வந்த படம் தானாகவே டிவியில் முழுசாக விரியும்படியும் செய்தான். 'யார் எதை அனுப்பினாலும் உங்கள் அனுமதி இல்லாமலே வந்துவிடும், பரவாயில்லையா?' என்ற அர்த்தத்தில் ஆப் ஒரு தடவை கேட்கத்தான் கேட்டது. அவன் அதைப் படித்தான். நம் ஆட்களைத் தவிர இங்கே யார் இருக்கிறார்கள் என்று நினைத்தான். பரவாயில்லை என்று அமுக்கிவிட்டான்.

இனிமேல்தான் பட்டன் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி மூலையில், டியூப் லைட்டுக்கு நேர் கீழே அவள் இடம். பட்டனும் அதற்கான துளையைத் தைக்கிற காஜாவும் அவள் பொறுப்பு. மிஷின் போடுகிற பட்டனை நம்பாமல் ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்ப்பாள். ஊசியில் நூலைக் கோக்க அவள் ஊசியைப் பார்த்து யாரும் கண்டதில்லை, பேசிக்கொண்டே கோத்துவிடுவாள். அவளுடைய தங்கை அதே கூடத்தின் எதிர்க் கோடியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒயரை அக்கா 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாள். கூடத்தில் அவனை அப்படிக் கூப்பிட்டது அவள் ஒருத்திதான்.

அன்று காலை அக்கா கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்தாள். சர்க்கரை நோய் இடது கண்ணின் விழித்திரையைத் தொட்டிருந்தது. என்ன சொன்னார்கள் என்று காட்டுவதாகத் தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். வேலை நேரத்தில் எழுந்துபோய்க் காட்ட முடியாது. எனவே டாக்டரின் குறிப்பைப் போனில் படம் எடுத்து, ஒயர் போட்டுக் கொடுத்த அதே ஆப்பைத் திறந்து, அதில் தெரிந்த போன்களின் பட்டியலில் தங்கையின் பெயரைத் தொட்டாள்.

அதே நேரத்தில் ஒயர் கட்டிங் டேபிள் அருகே நின்றுகொண்டிருந்தான். டிவியில் படங்கள் படுத்த வாக்கில் வருவதைச் சரிசெய்துவிட்டு, பலகையை அணைத்து மறுபடி ஆன் செய்திருந்தான். பக்கத்தில் முதலாளியம்மா நின்றார். அவரோடு ஆர்டர் கொடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து தரம் பார்க்க வந்த அதிகாரியும் நின்றார்.

"எங்க ஒயர் பண்ணின ஏற்பாடு" என்று முதலாளியம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டிவி கண் விழித்தது. முதல் வேலையாக அக்காவின் பெயரும், 'இடது கண் பார்வை குறைவு, நுணுக்கமான வேலையைக் குறைக்கவும்' என்ற வரியும் ஆள் உயரத்துக்கு வந்து நின்றன. இம்முறை படம் நேராகவே வந்திருந்தது.

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒயர் ஓடிப் போய் டிவியின் ஸ்விட்சை அணைத்தான். அணைத்து என்ன பயன்? அதிகாரி அதற்குள் படித்துவிட்டார். பட்டன் போட்ட கட்டுகள் அத்தனையையும் மறுபடி ஒரு ஆள் சோதித்துத்தான் அனுப்ப வேண்டும் என்றார். முதலாளியம்மா கொடுமைக்காரி அல்ல. அக்காவின் தோளில் கையை வைத்து, "கொஞ்ச நாள் பேக்கிங்ல இருங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். இருபது வருஷம் உட்கார்ந்த மூலையை விட்டு அக்கா எழுந்து போனாள். பேக்கிங் என்றால் மடித்து உறையில் போடுகிற வேலை. நேற்று வேலைக்கு வந்தவர்களை நிறுத்துகிற இடம்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. டீ நேரத்தில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். தங்கச்சி பேர் எது, கட்டிங் டேபிள் எது என்றே தெரியவில்லை என்றால் பாவம், கண் எவ்வளவு மோசமாக இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அக்காவே அதைத்தான் சொன்னாள். ஒயரிடம் வந்து நின்று சொன்னாள்.

"மன்னிச்சுக்க தம்பி. நல்லா இருந்த ஏற்பாட்ட நான் கெடுத்துட்டேன். தங்கச்சி பேரத்தான் தொட்டேன்னு நெனச்சேன். கண்ணு என்னை ஏமாத்திடுச்சு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றான் அவன். அந்தச் சமயத்தில் அவனுக்கும் விஷயம் தெரியாது.

சாயங்காலம் கூடம் காலியான பிறகுதான் தெரிந்தது. மனசு கேட்காமல், தன் போனையும் மாஸ்டரின் பழைய போனையும் வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தான். பலகை அணைந்திருக்கும்போது பட்டியலில் போன்கள் மட்டும் இருந்தன. பலகை உயிர் பெற்றதும் 'கட்டிங் டேபிள்' பட்டியலின் உச்சியில் சட்டென்று வந்து உட்கார, மற்ற பெயர்கள் ஒவ்வொரு படி கீழே இறங்கின. விரலை ஒரு பெயருக்கு நேரே வைத்துத் தொடப் போகிற கணத்தில் பெயர் நகர்ந்துவிட்டது. கட்டிங் டேபிள்தான் விரலுக்கு அடியில் இருந்தது. அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தான். மூன்றில் ஒரு தடவை அவனும் அக்கா செய்ததையே செய்தான்.

அக்கா சரியாகத்தான் தொட்டிருக்கிறாள். பலகையைச் சரியாக அந்த நொடியில் எழுப்பியது இவன். கேட்டிருந்தால் யாராவது மறுத்திருக்கக்கூடிய படத்தைக் கேட்காமலே உள்ளே விட்டதும் இவன். நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

பிறகு எழுந்து என்ன செய்தான் என்கிறீர்கள்? ரிப்பேர் செய்தான்! 'ஏற்கவா?' என்று மறுபடி கேட்கும்படி மாற்றினான். படம் தானாக விரிவதை நிறுத்தினான். ஆப் சுத்தமாயிற்று. மறுநாள் மாஸ்டர் கத்தினார்.

"என்ன ஒயரு, மறுபடியும் அமுக்கச் சொல்லுது?"

"புது வெர்ஷன் மாஸ்டர். அப்படித்தான் வரும்."

பொய் சொல்ல மட்டும் நாக்கு நன்றாகப் புரண்டது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தான். முதலாளியம்மா மேல் மாடிக் கூடத்துக்கும் இதே ஏற்பாட்டைச் செய்யச் சொல்லியிருந்தார். அது முடியட்டும் என்று தள்ளிப்போட்டான். அது முடிந்ததும் வேறு ஒரு சாக்கு கிடைத்தது. சாக்குக்கு என்றைக்குத்தான் பஞ்சம்?

சொல்வதற்குப் பதிலாக அக்காவின் மேல் அக்கறையைக் கொட்டினான். பேக்கிங் மேஜைக்கு மேலே ஒரு நல்ல விளக்கு மாட்டினான். நின்று நின்று கால் வலிக்கிறது என்றாள்; பழைய மிஷின் காலை அறுத்து ஸ்டூல் செய்தான். அவள் போனில் எழுத்துகளைப் பெரிதாக்கிக் கொடுத்தான். அந்தப் பெரிய எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கே உடம்பு கூசியது. அக்காவோ போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

"கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாத்துக்க மாட்டான்."

அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் அவன் ஏதாவது ஒரு மிஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வீட்டில் ஒரு சண்டையும் நடக்காமலே ஜன்னல் கொக்கி, சுவிட்ச், மிக்ஸி என்று வரிசையாகச் சரிசெய்தான். மனைவிக்கு உறுத்தியது.

"என்ன பண்ணித் தொலச்சீங்க? யார்கிட்ட?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லாமலா மிக்ஸி ஓடுது?"

அவளிடமும் சொல்லவில்லை.

இப்படியே வாரங்கள் போயின. ஒருநாள் இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை என்று அக்காவின் தங்கை கூப்பிட்டாள். அவன் கம்பியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அவள் அழுதுவிட்டாள்.

"அக்கா கண்ணுக்கு லேசர் வச்சுக்கப் போகமாட்டேங்குதுண்ணா. டாக்டர் தள்ளிப்போடாதீங்கன்னு சொன்னாராம். ஒரு கண்ணுதான் கெட்டிருக்கு, இன்னொண்ணு நல்லாருக்குன்னு சொன்னா நம்பமாட்டேங்குது. நல்ல கண்ணா இருந்தா உன் பேரையும் டேபிளையும் மாத்தித் தொடுவேனா, ரெண்டும் போயிடுச்சு, இதுக்கு மேல எதக் காப்பாத்தன்னு கேக்குது. வீட்ல ஊசியத் தொடறதே இல்ல. நீங்க சொன்னா கேக்கும்ணா. உங்க மேல அவ்வளவு பிரியம்."

அக்கா மனசு நொந்திருக்கிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். தன் மௌனம் ஒரு கண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பெட்டியை அப்படியே பிரித்துப் போட்டுவிட்டு, கட்டிங் டேபிளிலிருந்து பலகையைப் பிடுங்கிக்கொண்டு பேக்கிங் மேஜைக்கு ஓடினான்.

"அக்கா, உங்க போன எடுங்க. ஆப்பத் திறங்க. தங்கச்சி பேரு எங்க இருக்கு?"

"இதோ, மேல இருக்கு. எதுக்கு தம்பி?"

"அது மேல விரல வைங்க. வைக்காம, சும்மா பக்கத்துல பிடிங்க. இப்பப் பாத்துட்டே இருங்க."

பலகைக்கு மின்சாரம் கொடுத்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டிங் டேபிள் உச்சியில் வந்து உட்கார்ந்தது. தங்கையின் பெயர் கீழே இறங்கியது. அக்கா பார்த்தாள்.

"இன்னொரு தடவ பண்ணு."

செய்தான்.

"இன்னொரு தடவ."

அதையும் செய்தான். அக்கா விரலை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் சரியாத்தான் தொட்டிருக்கேன்."

"ஆமாக்கா. நான்தான் அந்த நேரம் பாத்து இத ஆன் பண்ணினேன். கேக்காம எல்லாத்தையும் உள்ள விடற மாதிரி வச்சதும் நான்தான். உங்க கண்ணு ஒண்ணும் பண்ணல. தப்பு என்னுது." கடைசி இரண்டு வார்த்தையும் பிறவியில் முதல் தடவையாக அவன் வாயிலிருந்து வந்தன.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னிக்குச் சாயங்காலமே."

அவள் மேலே எரிந்த விளக்கைப் பார்த்தாள். உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்தாள். அதைக் காலால் மெல்ல அவன் பக்கம் தள்ளிவிட்டு, நின்றபடியே சட்டை மடிக்க ஆரம்பித்தாள்.

டீ நேரத்தில் அவன் கூடத்தின் நடுவில் நின்று எல்லோருக்கும் சொன்னான். முதலாளியம்மாவுக்கும் சொன்னான். அவர் அவனைத் திட்டவில்லை, "இத்தன நாளா?" என்று மட்டும் கேட்டார். மாஸ்டர் சாக்பீஸை மேஜையில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அக்காவைப் பழைய மூலைக்குப் போகச் சொன்னார்கள். கண்ணைக் காட்டிவிட்டு வருகிறேன் என்றாள் அவள்.

மறுநாள் சாயங்காலம் அவளே வந்து கூப்பிட்டாள். "காலைல ஆஸ்பத்திரிக்குப் போகணும். மருந்து விட்டா தனியா வர முடியாது. ஆர்டர் அவசரம், தங்கச்சிய விடமாட்டாங்க. வண்டி எடுத்துட்டு வா" என்றாள். அவனுக்கு உச்சி குளிர்ந்தது. கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தான். விடிவதற்கு முன்பே வண்டியைத் துடைத்து, பின் இருக்கைக்கு ஒரு மெத்தை கட்டிவைத்தான். போகிற வழியில் அக்கா ஒரு வார்த்தையும் பேசவில்லை. டிராஃபிக் சத்தத்தில் கேட்காது என்பதால் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

கண்ணில் மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். அக்கா கண்ணை மூடி, தலையைச் சுவரில் சாய்த்திருந்தாள். அவன் பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் கருவியில் வெகுநேரம் பார்த்தார். போன தடவை எடுத்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"வலது கண்ணு நல்லாருக்கும்மா. இடது கண்ணுல போன தடவ இல்லாத ரத்தக் கசிவு இப்ப இருக்கு. லேசர் போடலாம், இருக்கறதக் காப்பாத்தலாம். போனது போனதுதான். அப்பவே வரச் சொன்னேனே, ஏன் இவ்வளவு லேட்டு?"

அக்காவின் கண்ணிலிருந்து மருந்தா, கண்ணீரா, ஏதோ வழிந்தது.

"என்னாலதான் டாக்டர்" என்றான் அவன். "நான்தான் காரணம்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பேனாவை வைத்துவிட்டு அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்? தம்பியா?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் அவன் இருக்கும் பக்கம் திரும்பவில்லை.

"இல்ல டாக்டர்" என்றாள். "கூட வேலை செய்யறவரு."